உதட்டைப் பார்த்துப் படி என்போருக்கு

செவிப்புலன் குன்றியவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் படித்தவர் மத்தியில் ஒரு கூற்றும் உடன் எழுவதுண்டு. "காது கேளாவிட்டால் என்ன? உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வார்கள்தானே" என்பதே அது. கேட்பதற்கு இதமான வாசகம். அதிலே அநுதாபம் இருக்கிறது. ஓரளவு வியப்பும் இருக்கிறது. ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கின், பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் ஒரு சமூகத்தின் சாட்டு அதற்குள் ஒளிந்திருப்பதைக் காணலாம். கேளாதவர் தாமே பார்த்து விளங்கிக்கொள்வாராயின், கேட்பவர் செய்ய வேண்டியது யாதொன்றும் இல்லை அல்லவா? பாடசாலை மாற வேண்டியதில்லை. அரசு செலவிட வேண்டியதில்லை. ஆசிரியர் கரும்பலகையை நோக்கியபடியே பேசிக்கொண்டிருக்கலாம். விளங்காது போயின், அது பார்க்கத் தெரியாத பிள்ளையின் குற்றமாகிவிடும்.

இக்கட்டுரை உதட்டு வாசிப்பை இகழ எழுந்ததன்று. அது மனித அறிவின் அரிய ஆற்றல்களுள் ஒன்று. பயின்றவர்க்கு அது தரும் பயனும் பெரிது. கண்டிக்கப்பட வேண்டியது வேறொன்று. ஓர் உதவியை எடுத்து, உரிமைக்குப் பதிலாக நீட்டும் வழக்கமே அது. ஊன்றுகோலை ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு, அவர் நடக்கும் பாதையைப் பள்ளமாகவே விட்டு வைப்பதற்கு ஒப்பானது இவ்வழக்கம். இதன் பொய்ம்மையை விஞ்ஞானமும் வரலாறும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியுள்ளன. எனினும் நமது பாடசாலைகளில் இப்பொய் இன்றும் செல்வாக்கோடு வாழ்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை அறிந்துகொள்வது அவசியம் எனக் கருதியே இதனை எழுத முற்பட்டேன்.

*

பேச்சைச் செவியால் மட்டுமே கேட்கிறோம் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. 1954ஆம் ஆண்டில் சம்பி, பொலக் என்னும் ஆய்வாளர் இருவர் இரைச்சலின் நடுவே சொற்களைக் கேட்கச் செய்து சோதனை நடத்தினர். பேசுபவரின் முகம் தெரிந்தபோது கேட்போர் கூடுதலான சொற்களைச் சரியாக உணர்ந்தனர். இரைச்சல் மிக மிக, முகம் தந்த உதவியும் மிகுந்தது. 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்போர் இதனினும் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டனர். "பா" என்னும் ஒலியைக் காதுக்குக் கொடுத்து, "கா" என்று அசையும் வாயைக் கண்ணுக்குக் காட்டினால், பெரும்பாலோர் உணர்வது "டா" போன்ற மூன்றாவதோர் ஒலியையே என அவர்கள் கண்டனர். செவி நன்றாக இயங்கும் மனிதருங்கூடக் கண்ணின் சாட்சியத்தைச் சேர்த்தே பேச்சை உணர்கிறார் என்பதே இதன் பொருள். ஆகவே உதட்டைப் பார்த்தல் செவிப்புலனற்றோருக்கு மட்டும் உரிய தனி வித்தையன்று. நாம் யாவரும் அறியாமலே அன்றாடம் செய்யும் செயல்.

கண்ணும் காதும் இங்கு ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறதென்பதை நமது எழுத்துக்களைக் கொண்டே விளக்கலாம். பகரத்துக்கும் தகரத்துக்கும் ககரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஒலியளவில் மிக மெல்லியது. செவிப்புலன் குன்றும்போதும் இரைச்சல் பெருகும்போதும் முதலில் மறைவது இத்தகைய நுண்ணிய வேறுபாடே. ஆனால் கண்ணுக்கோ அது வெளிப்படையானது; பகரத்தில் இதழ்கள் மூடுகின்றன, ஏனையவற்றில் மூடுவதில்லை. மறுபுறம், பகரத்துக்கும் மகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காணவே முடியாது. இரண்டிலும் இதழ்கள் ஒரேவிதமாகவே மூடித் திறக்கின்றன. மூக்கின் வழி வெளிப்படும் ஓசையே அவற்றைப் பிரிக்கிறது. அதனை ஓரளவு மங்கிய செவியும் உணர்ந்துகொள்ளும். காது தவறவிடுவதைக் கண் பிடிக்கிறது. கண் தவறவிடுவதைக் காது பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் பயன், தனித்தனியே கிடைப்பவற்றின் கூட்டுத்தொகையிலும் பெரிது.

இங்கேதான் "உதட்டைப் பார்த்துப் படி" என்போர் கவனியாது விட்ட முரண்பாடு தோன்றுகிறது. செவிப்புலன் குறையக் குறைய ஒருவர் உதட்டை நம்பும் தேவை கூடுகிறது. ஆனால் உதட்டைத் தெளிவாக்கித் தந்த எஞ்சிய ஓசை அதே வேளையில் மங்கிக்கொண்டு போகிறது. முற்றாகக் கேளாதவருக்கு உதட்டின் தேவை உச்சத்தை அடைகிறது. அவ்வேளையில் உதடு தனியாக நின்று தரக்கூடியது மிகக் குறைவாகிவிடுகிறது. அதிகம் தேவைப்படுபவனுக்குக் குறைவாகக் கொடுக்கும் கருவி அது. பசி கூடக்கூடச் சோற்றின் அளவைக் குறைக்கும் வீட்டில் பிள்ளை எவ்வாறு வளரும்?

*

உதட்டில் எவ்வளவு தெரியும் என்பதைத் தமிழ் மாணவன் எவனும் தானே அளந்து பார்க்கலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலே போதும். ஒவ்வோர் எழுத்தும் வாயின் எவ்விடத்திற் பிறக்கிறதென்பதைத் தொல்காப்பியர் அங்கு வகுத்துரைத்துள்ளார். மெய்யெழுத்துக்கள் பதினெட்டு. அவற்றுள் இரு இதழும் இயையப் பிறப்பன பகரமும் மகரமும். மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது வகரம். தகரமும் நகரமும் பிறக்கையில் பல்லருகே நாநுனி சிறிது புலப்படலாம். எஞ்சிய 13 மெய்களும் வாயின் உள்ளே, நாவின் மறைவான இயக்கத்திற் பிறப்பவை. அண்ணத்தின் பின்புறத்தில் எழும் ககரத்தையும் நா வளைந்து எழும் டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றையும் எதிரே நிற்பவர் எவ்வாறு காண்பார்?

"பாலை" என்றாலும் "மாலை" என்றாலும் முகம் ஒன்றே. "பணம்" என்பதும் "மணம்" என்பதும் கண்ணுக்கு ஒரே சொல். "அடி", "அணி", "அளி", "அழி" என்னும் நான்கையும் கண்ணாடியின் முன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பார்ப்பவர், நான்கும் ஓர் உருவாகவே தோன்றக் காண்பார். மாலையை அணியச் சொன்னாரா, பாலையை அழியச் சொன்னாரா என்பதைப் பொருளின் தொடர்ச்சியைக் கொண்டு ஊகித்தாலன்றி அறிய வழியில்லை. தமிழின் தனிச்சிறப்பு என நாம் மேடைதோறும் பெருமை பேசும் ழகரமே உதட்டில் தெரியாத எழுத்து என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

இன்னொன்றும் உண்டு. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையேயுள்ள தூரத்தை மொழி கற்றவர் அறிவர். பாடநூலில் "வருகிறேன்" என்றிருப்பது யாழ்ப்பாணத்து வாயில் "வாறன்" என்றாகிறது. "செய்கிறார்கள்" என்பது "செய்யினம்" என்றாகிறது. மட்டக்களப்பு வாயும் மலையக வாயும் கொழும்பு வாயும் வெவ்வேறு உருக்கொள்கின்றன. கேட்கும் பிள்ளை இவ்விரு வழக்கையும் செவிவழி பெற்று, ஐந்து வயதுக்குள்ளேயே இணைத்துக்கொள்கிறது. கேளாத பிள்ளை புத்தகத்திற் கண்ட சொல்லை எதிரேயுள்ள உதட்டில் தேடுகிறது. அது அங்கே இல்லை. இரண்டு தமிழுக்கும் நடுவே பாலமின்றி நிற்கும் அப்பிள்ளையை நோக்கி "கவனித்துப் பார்" என்று அதட்டுவதாற் பயன் என்ன?

உதட்டு வாசிப்பின் உயிர்நாடி ஊகம். கண்ணிற் பட்ட சில துணுக்குகளைக் கொண்டு, முன்னரே அறிந்த மொழியின் துணையோடு, விடுபட்டவற்றை மனம் நிரப்பிக்கொள்கிறது. ஆதலால் உதட்டைப் படிப்பதற்கு மொழி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதுமையிற் செவி மங்கியவருக்கு அது இருக்கிறது. அறுபது ஆண்டு கேட்ட தமிழ் அவர் நெஞ்சில் நிறைந்திருக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அது எங்கிருந்து வரும்? மொழியை அறிந்தால்தான் உதட்டைப் படிக்கலாம். உதட்டைப் படித்துத்தான் மொழியை அறிய வேண்டும் என்கிறார்கள். நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்கு, நீரில் இறங்கித்தான் நீந்தப் பழகு என்னும் நியாயம் இது. இவ்வட்டத்துக்குள் அடைபட்டுப் போன பிள்ளைகளின் தொகை சிறிதன்று.

*

இவ்வட்டம் தற்செயலாகத் தோன்றியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெலெப்பே என்னும் பாதிரியார், செவிப்புலனற்றோர் தமக்குள் வழங்கிய சைகைகளைக் கொண்டே அவர்களுக்குக் கல்வி புகட்டினார். அதே காலத்தில் ஜேர்மனியில் ஹைனிக்கே என்பார் பேச்சும் உதட்டு வாசிப்புமே உண்மையான கல்வி என வாதிட்டு, 1778இல் லைப்சிக் நகரிற் பாடசாலை கண்டார். இவ்விரு வழிகளும் ஒரு நூற்றாண்டு காலம் மோதின. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்மொழிக் கல்வியே மேலானது என்றும் சைகை மொழியைப் பாடசாலைகளிலிருந்து விலக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. வாக்களித்த 164 பேருள் 160 பேர் அதனை ஆதரித்தனர். வாக்காளருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. எவருடைய வாழ்வு தீர்மானிக்கப்பட்டதோ அவர்கள் மண்டபத்துக்கு வெளியே நின்றனர். காலனித்துவ நாடுகளின் தலைவிதி அந்நாட்டு மக்களில்லாத மேசைகளில் எழுதப்பட்ட அதே காலகட்டம் அது என்பதை மறத்தலாகாது.

அதன் விளைவு யாது? பல நாடுகளிற் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பிள்ளைகள் கைகளை அசைத்தால் தண்டிக்கப்பட்டனர். ஒரு "ப"வைச் சரியாக உச்சரிப்பதற்குச் செலவிடப்பட்ட மணித்தியாலங்கள் கணிதத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் கவிதையிலிருந்தும் திருடப்பட்டவை. இங்கிலாந்திலும் வேல்சிலும் பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேறிய செவிப்புலனற்ற மாணவர்களை ஆராய்ந்து, கொன்ராட் என்னும் உளவியலாளர் 1979இல் நூலொன்றை வெளியிட்டார். பதினைந்து, பதினாறு வயதுடைய அம்மாணவர்களின் வாசிப்புத் திறன், நடுத்தர அளவில், ஒன்பது வயதுப் பிள்ளையினதாகவே இருந்தது. அதனிலும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காக உதட்டு வாசிப்பிற் பயிற்றப்பட்ட அவர்கள், அப்பயிற்சியே இல்லாத கேட்கும் பிள்ளைகளை விட அதிற் சிறந்து விளங்கவுமில்லை. பின்னைய ஆய்வுகள் செவிப்புலனற்றோருட் சிலர் இக்கலையில் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருப்பதைக் காட்டியுள்ளன. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் ஒரு திறனை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாயிலாக வைத்துப் பூட்டுவது கல்வியாகாது. ஓட்ட வீரன் ஒருவனைக் காட்டி, எல்லோரும் ஓடியே பாடசாலைக்கு வரலாம், பேருந்து வேண்டாம் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

1960இல் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டோக்கோ, சைகை மொழி வெறும் அபிநயம் அன்று, இலக்கண அமைப்புடைய மொழியே எனத் தமது ஆய்வால் நிலைநாட்டினார். மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவிக்க, அம்மாநாட்டின் வழிவந்த சர்வதேச மாநாட்டுக்கு 2010 வரை ஆயிற்று. கனடாவின் வன்கூவர் நகரில் அவ்வறிவிப்பு வெளியானபோது, இடையே 130 ஆண்டுகள் கழிந்திருந்தன. எத்தனை தலைமுறைகள் அவை!

நிக்கரகுவாவின் அனுபவம் இவ்விடயத்தில் நமக்கு மிகுந்த பாடம் புகட்டவல்லது. 1979இல் அங்கு சொமோசாவின் சர்வாதிகாரம் வீழ்ந்தது. கல்வியை மக்களுக்கு உரியதாக்க முற்பட்ட புதிய அரசு, தத்தம் வீடுகளிற் தனித்து அடைபட்டிருந்த செவிப்புலனற்ற பிள்ளைகள் பலரைத் தலைநகர் மனாகுவாவின் பாடசாலைகளில் ஒன்றுசேர்த்தது. ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு ஸ்பானிய மொழியின் உதட்டசைவைக் கற்பித்தனர். பயன் மிகச் சிறிதே. ஆனால் வகுப்பறைக்கு வெளியே, விளையாட்டிடத்திலும் பேருந்திலும், அப்பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கூட்டிக் கலந்து தமக்கென ஒரு மொழியை ஆக்கிக்கொண்டிருந்தனர். 1986இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் அழைப்பின் பேரில் வந்த மொழியியலாளர் ஜூடி கேகல் அதனை ஆராய்ந்தார். சிறு பிள்ளைகளின் கைகளில் அது முறையான இலக்கணத்தோடு வளர்ந்துகொண்டிருப்பது புலனாயிற்று. பாடத்திட்டம் கொடுக்கத் தவறியதை, ஒன்றுகூடிய மக்கள் தாமே படைத்தனர். மொழி மேலிருந்து அருளப்படுவதன்று, கூட்டு வாழ்விற் பிறப்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

*

இனி நமது வீட்டுக்கு வருவோம். 1912இல் இலங்கையின் முதலாவது செவிப்புலனற்றோர் பாடசாலை தொடங்கப்பட்டது. இரத்மலானையிலும் கைதடியிலும் ஏனைய இடங்களிலும் இத்தகைய பாடசாலைகள் ஆற்றிவரும் பணி மதிக்கத்தக்கது. எனினும் நாட்டில் வழங்கும் சைகைகள் இடத்துக்கிடம், பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகின்றன. சைகை மொழியை நன்கறிந்து, உயர்தர வகுப்பின் பாடங்களைத் தமிழ் வழி விளக்கவல்ல ஆசிரியர்களைத் தேடிக் காண்பது அரிது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதாகக் கூறுகிறது. சைகை மொழியைக் கற்க வழி செய்தலையும், செவிப்புலனற்றோர் சமூகத்தின் மொழியடையாளத்தைப் பேணுதலையும் அரசுகளின் கடமையாக வகுக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. காகிதத்திற் கையொப்பம் இருக்கிறது. அது வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

முற்றாகக் கேளாத பிள்ளையை உலகம் ஒருவாறு அடையாளங் கண்டுகொள்ளும். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையின் நிலைதான் பரிதாபத்துக்குரியது. சாதாரண வகுப்பறையின் நடுவரிசையில் அது அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் முகம் காட்டிப் பேசும்போது விடை சொல்கிறது. கரும்பலகையை நோக்கித் திரும்பியதும் விழிக்கிறது. "வேண்டுமென்றபோது கேட்கிறது, வேண்டாதபோது கேட்கவில்லை" என்பார் ஆசிரியர். உண்மை என்னவெனில், முகம் தெரிந்தபோது விளங்கியது, மறைந்தபோது விளங்கவில்லை. சொல்வதெழுதலில் "மணம்" என்பதற்குப் "பணம்" என்று எழுதுகிறது. கவனமின்மை எனச் சிவப்பு மை கூறுகிறது. குழுவாகக் கலந்துரையாடுகையில், பேசுபவர் யாரெனத் தேடி அதன் கண் திரும்புவதற்குள் பேச்சு வேறொருவரிடம் போய்விடுகிறது. நாள் முழுவதும் கண்ணாற் கேட்டுக் களைத்த பிள்ளை பிற்பகலில் மேசையிற் தலை சாய்க்கிறது. சோம்பேறி என்ற பட்டம் சேர்கிறது. சில ஆண்டுகளில் அப்பிள்ளை "மக்கு" ஆகிவிடுகிறது. மக்கு பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது.

இதில் வர்க்க வேறுபாடும் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சையோ புனர்வாழ்வோ தேவைப்படும் அளவுக்குச் செவிப்புலன் இழந்தோர் உலகில் 43 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமானமுடைய நாடுகளில் வாழ்பவர். வசதி படைத்த வீட்டில் குழந்தையின் குறை ஆரம்பத்திலேயே கண்டறியப்படுகிறது; நல்ல கருவி காதில் ஏறுகிறது; உட்செவிக் கருவிக்குச் சத்திர சிகிச்சையும் சாத்தியமாகிறது. கூலித் தொழிலாளியின் வீட்டில் காதிற் சீழ் வடிவது சாதாரண விடயமாகக் கழிகிறது. அங்கே கருவியின் விலையும் எட்டாது; மின்கலத்தின் விலையும் மாதந்தோறும் உறுத்தும். எனவே "உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்" என்பது நடைமுறையில் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் வழங்கப்படும் மருந்துச்சீட்டு.

இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தம். ஆயிரக்கணக்கான தறிகளின் பேரிரைச்சலில் வாயோசை எடுபடாது போகவே, அங்குள்ள தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசவும் அதனைப் படிக்கவும் பழகிக்கொண்டனர். ஆண்டுகள் செல்ல, அவ்விரைச்சலே பலரது செவியையும் பறித்தது. இத்திறமையை வியந்து எழுதியோர் பலர். தறிகளின் இரைச்சலுக்கு யார் பொறுப்பு எனக் கேட்டோர் சிலரே. துன்பத்தில் மக்கள் கண்டுபிடித்த தற்காப்பை அவர்களது இயற்கைத் திறமையாகப் போற்றி, துன்பத்தின் காரணத்தை மறைப்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். நம் நாட்டிலும் ஆலைகளின் இரைச்சலிலும், முப்பதாண்டுப் போரின் வெடியோசையிலும் செவி ஊறுபட்டோரை நோக்கி நாம் அதையே செய்யப் போகிறோமா?

*

நமது கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படுவதுண்டு.

சைகை மொழியைக் கற்பித்தால் பிள்ளை பேசப் பழகாது என்பது முதலாவது. மேற்கூறிய வரலாறு இதற்கு விடையளிக்கிறது. சைகையைத் தடைசெய்த ஒரு நூற்றாண்டு பேச்சையும் வளர்க்கவில்லை, வாசிப்பையும் வளர்க்கவில்லை. மொழி ஒன்று உரிய வயதில் உள்ளத்தில் வேரூன்றினால், அதன்மீது எழுத்தையும் இன்னொரு மொழியையும் கட்டலாம். அடித்தளமே இல்லாத இடத்தில் எதைக் கட்டுவது? தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய நாம், கையாற் பேசுபவரின் தாய்மொழியை மட்டும் மறுப்பது எந்த நீதி?

நவீன கருவிகள் வந்துவிட்டன, ஆகவே இப்பிரச்சினை தீர்ந்தது என்பது இரண்டாவது. கருவிகள் வேண்டும், ஏழைப் பிள்ளைக்கும் இலவசமாக வேண்டும். ஆனால் கருவி செவியைப் புதிதாக்கித் தருவதில்லை. உட்செவிக் கருவி பொருத்தியவரும் இரைச்சல் மிக்க இடத்தில் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறார். 2020இல் கொள்ளைநோய் பரவி எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, கருவி அணிந்தோரும் எவ்வளவு தூரம் உதட்டை நம்பி வாழ்ந்தனர் என்பது உலகுக்கு வெளிப்பட்டது. முகக்கவசம் தவிர்க்கவியலாததாக இருந்தது. ஆனால் எழுதிக் காட்டுவதையும் எவரும் தடுத்திருக்கவில்லை.

பணமில்லை என்பது மூன்றாவது. செலவு வேண்டும் சீர்திருத்தங்கள் உள. அவற்றைக் கோரிப் போராடுவோம். ஆனால் காசு ஒரு சதமும் வேண்டாதவை எத்தனை? வகுப்பை நோக்கி நின்று பேசுவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்க வேண்டுமா? கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பிய பின்னர் பேசுதல், சன்னலுக்கு முதுகு காட்டி நின்று முகத்தை இருளாக்காதிருத்தல், புத்தகத்தால் வாயை மறையாதிருத்தல், விளங்காதபோது அதே சொல்லை உரக்கக் கத்தாது வேறு சொல்லாற் கூறுதல், புதிய சொற்களையும் பெயர்களையும் முன்னரே எழுதிப் போடுதல், வினாவிய மாணவனைச் சுட்டிக் காட்டிய பின் விடை கூறுதல். இவை யாவும் கேட்கும் பிள்ளைக்கும் நன்மையே. வாயைக் கோணி மிகைப்படுத்திப் பேசுவது உருவத்தைச் சிதைக்குமேயன்றி உதவாது என்பதும் அறிந்திருக்க வேண்டியது.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு சொல். மக்கள் இலக்கியம் பற்றி நாம் நடத்தும் கூட்டங்களில், பேச்சாளர் தலை கவிழ்ந்து கட்டுரை வாசிக்கிறார், ஒலிவாங்கி அவர் வாயை மறைக்கிறது, மின்விசிறி இரைகிறது. கட்டுரையின் பிரதி ஒன்றை முன்னரே கொடுப்பாருமில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதிய வாசகர், தமக்கு விளங்கவில்லை என்று சொல்லக் கூசி, அடுத்த மாதம் வருவதை நிறுத்திவிடுகிறார். அவரும் மக்களுள் ஒருவர்தானே? "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நாம் கூசாமல் எழுதுகிறோம். ஊதியவனின் அறியாமையை அப்பழமொழி ஏன் கேலி செய்யவில்லை? கேள்வி ஞானத்தாற் துளைக்கப்படாத செவிகள், ஓசையைக் கேட்பினும் செவிட்டுச் செவிகளே என்று வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் உரைத்தார். அக்கணக்கின்படி நோக்கின், மாற்றார் கோரிக்கை காதில் விழுந்தும் கேளாதிருக்கும் அதிகார பீடங்களே இந்நாட்டின் உண்மையான செவிடுகள்.

கோரிக்கைகள் தெளிவானவை. பிறந்த குழந்தைகளுக்கும் பாடசாலையிற் சேரும் பிள்ளைகளுக்கும் தவறாத செவிப்புலச் சோதனை வேண்டும். கருவிகள் பொதுச் சுகாதார சேவையின் வழி இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் இவ்விடயம் ஒரு பாடமாதல் வேண்டும். தமிழ்ப் பிரதேசங்களில் வழங்கும் சைகைகள் செவிப்புலனற்றோரின் தலைமையிலேயே தொகுக்கப்பட்டு, அவர்களுள் இருந்தே ஆசிரியர்கள் உருவாக்கப்படல் வேண்டும். தொலைக்காட்சிச் செய்திக்கும் அரச அறிவித்தலுக்கும் எழுத்தும் சைகையும் துணைசெய்தல் வேண்டும். இவற்றோடு உதட்டு வாசிப்பும் கற்பிக்கப்படட்டும். பல வாயில்களுள் ஒன்றாக அது இருக்கட்டும்.

இவற்றைப் பெறுவதற்குத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் மாணவர் இயக்கங்களும் குரல் கொடுக்க வேண்டும். மிலானில் நடந்தது மீண்டும் நடவாதிருக்க, செவிப்புலனற்றோர் அம்மேசையில் முதலிடத்தில் அமர வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் நம் முகத்தை உற்று நோக்கி வந்துள்ளனர். நாம் பேசியதில் பாதியையேனும் பிடித்துவிட வேண்டுமென்று கண் வலிக்கப் பார்த்துள்ளனர். அந்த உழைப்பிற் பாதியை இனி நாம் ஏற்றுக்கொள்வோம். அவர்களது கைகள் கூறுவதைக் கற்க நாமும் கண்களைத் திருப்புவோம்.